ஐம்பது மீட்டருக்கு அப்பால்: குவாரிப் பாதையை அளந்தபோது தெரிந்தவை

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கல் குவாரியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வெடியில் தொடங்கி வெடியிலேயே முடியும். சுவரில் விரிசல், கிணற்றில் தண்ணீர் இறக்கம், மதிய வெடியில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொண்டு அழுவது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஊராட்சிக்கு மாதாமாதம் செலவு வைப்பது குழியிலிருந்து நெடுஞ்சாலை வரை லாரி போகிற பாதைதான். அந்தப் பாதையில் தார்ச்சாலை இருக்கிறது, அதன் ஓரத்தில் குடிநீர்க் குழாய் புதைந்திருக்கிறது, தலைக்கு மேல் மின்கம்பி போகிறது, நடுவில் வாய்க்கால் பாலம் வருகிறது. அனுமதிக்கான காகிதங்களோ குவாரியைச் சுற்றி ஒரு கோடு போட்டு, கோட்டுக்குள்ளேயே பார்த்து முடித்துவிடுகின்றன.

நான் சிவில் டிப்ளமோ. சாலை ஒப்பந்தக்காரர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு இப்போது சொந்தமாக சர்வே வேலை எடுத்துச் செய்கிறேன். மேலூர் வட்டாரத்தில் ஓர் ஊராட்சி, பெயர் வேண்டாம். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு சாதாரண கல் குவாரிக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு குவாரிகளுக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளின் பரப்பைச் சேர்த்தே கணக்கிட வேண்டும், கூட்டுத்தொகை 5 ஹெக்டேரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டும். இங்கே தாண்டியிருந்தது. கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வந்தது. ஊராட்சித் தலைவர் அறிக்கையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

“தம்பி, இத்தாம்பெரிய புஸ்தகமா இருக்கு. நம்ம ரோட்டப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

ரோட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். பேருந்து, கார், டிராக்டர், இருசக்கர வண்டி எல்லாவற்றையும் எண்ணி, கார் கணக்குக்கு மாற்றி, குவாரி லாரிகளையும் அதோடு கூட்டி, சாலையின் கொள்ளளவுக்குள் வருவதால் பாதிப்பு மிகக் குறைவு என்று முடித்திருந்தார்கள். இந்த மாதிரி அறிக்கைகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கணக்கில் தப்பில்லை, கேள்விதான் வேறு. ஒரு லாரியை ஏறத்தாழ 3 காருக்குச் சமமாக எடுத்துக்கொள்வது சாலையில் நெரிசல் வருமா என்று பார்ப்பதற்கு. சாலை எடை தாங்குமா என்பதற்கு அந்தக் கணக்கு உதவாது. கிராமத்துச் சாலையில் நெரிசலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

எடைக்கான கணக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் 37ஆம் எண் நெறிமுறையில் இருக்கிறது. அதன்படி சேதம் அச்சின் எடையோடு நேராக ஏறுவதில்லை, நான்காம் அடுக்கில் ஏறுகிறது. எடை ஒன்றரை மடங்கானால் சேதம் 5 மடங்கு, எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. நம் ஊர்ப்பக்கம் டாரஸ் என்று சொல்கிற பத்துச் சக்கர டிப்பருக்கு 2018 ஜூலையில் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி மொத்த எடை 28.5 டன் வரை போகலாம். அதில் பின்பக்க இரட்டை அச்சுக்கு 21 டன். நெறிமுறையின் அளவுகோலில் போட்டால் இந்தச் சட்டப்படியான பின் அச்சே 3.75 திட்ட அச்சுகளுக்குச் சமம் (திட்ட அச்சு என்பது சாலைச் சேதத்தை எண்ணுவதற்கு அலகாக வைத்திருக்கும் அச்சு). அதே பின் அச்சில் 30 டன் ஏற்றினால் 15.6 ஆகிவிடும்.

இதை ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி ஒரு மாதிரிக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். ஒரு குவாரி ஆண்டுக்கு 60,000 கன மீட்டர் கல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பாறை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 டன். 300 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 520 டன், மூன்று குவாரிக்கு 1,560 டன். சட்டப்படி 18 டன் சரக்கு ஏற்றினால் 87 நடை. ஆண்டுக்கு ஏறக்குறைய 98,000 திட்ட அச்சுகள், அதுவும் முன் அச்சைக் கணக்கில் சேர்க்காமலே. குறைந்த போக்குவரத்துள்ள ஊரகச் சாலைகளைப் பல வகையாகப் பிரித்து வடிவமைக்கிறார்கள். அதில் ஒரு வகை, பத்தாண்டுக்கு 1 முதல் 2 லட்சம் திட்ட அச்சுகளைத் தாங்கும்படி போடுவது. அந்த வகைச் சாலை, சட்டத்தை ஒரு கிலோகூட மீறாத லாரிகளாலேயே இரண்டு வருடத்தில் ஆயுளை முடித்துக்கொள்ளும்.

அப்புறம் குவாரித் தரப்பில் எப்போதும் ஒரு வாதம் வரும்: “கூடுதலா ஏத்துனா நடை குறையும்ல, ரோட்டுக்கு நல்லதுதானே?” நடை குறையும், உண்மை. 28 டன் ஏற்றினால் 87 நடை 56 ஆகிவிடும். ஆனால் ஒவ்வொரு நடையும் 15.6 என்பதால் ஆண்டுக்கு 2,62,000 திட்ட அச்சுகள். அதே சாலை 9 மாதத்தில் முடிந்துபோகும். இந்த ஒரு கணக்கை மட்டும் சாக்பீஸால் சமுதாயக்கூடச் சுவரில் எழுதிப் போட்டோம். கூட்டத்தில் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளில் பாதி அதிலிருந்து வந்தவைதான்.

சரி, களத்துக்கு வருகிறேன். போகும் முன் ஒரு நாள் முழுக்க காகிதத்தோடு உட்கார வேண்டும். லாரி போகப்போகும் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு யாருடையது என்று எழுதிக்கொள்ள வேண்டும். குவாரி வாசலிலிருந்து முதல் துண்டு ஊராட்சிச் சாலை, அடுத்தது ஊராட்சி ஒன்றியச் சாலை, கடைசித் துண்டு நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலை, அப்புறம் நான்கு வழிச்சாலை. கண்மாய்க் கரைமேல் போகிற பகுதி இருந்தால் அது நீர்வளத் துறையா ஒன்றியமா என்று பார்க்க வேண்டும். மனு போகும் முகவரி இதைப் பொறுத்தது. தவறான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும்.

நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தைக் கட்டாயம் எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 பொதுச்சாலைக்கு 50 மீட்டர் இடைவெளி விடச் சொல்கின்றன, கிராமச் சாலைக்கு 10 மீட்டர். பொதுச்சாலை என்றால் செயற்கையாகத் தளம் போட்ட சாலை. வருவாய்ப் பதிவேட்டில் பாதை என்று காட்டியிருக்கும் தடமெல்லாம் கிராமச் சாலைக் கணக்கில் வந்துவிடும். நாங்கள் பார்த்த இடத்தில் பழைய வரைபடத்தில் வண்டிப்பாதை என்றுதான் இருந்தது. குவாரி வரைபடக்காரர் அதை அப்படியே எடுத்து 10 மீட்டர் விட்டிருந்தார். ஆனால் அந்த வண்டிப்பாதை தார்ச்சாலையாகிப் பல வருடம் ஆகிவிட்டது. மினி பஸ் போகிறது, பள்ளி வேன் போகிறது. தளம் போட்டதற்கான ஒன்றியத்தின் பணி ஆணை நகலை இணைத்து, இது 50 மீட்டர் சாலை என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் வேலை முழுவதிலும் மறுபேச்சில்லாமல் எடுபட்டது இது ஒன்றுதான். அளக்கும்போது சாலையின் வெளி ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து அளந்து இரண்டு மீட்டரை லாபம் பார்ப்பவர்கள் உண்டு.

குடியிருப்புக்கு 300 மீட்டர் என்ற விதியை எல்லோரும் அறிந்து வைத்திருக்கிறார்கள், அதனால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

சாலையை நடந்துதான் பார்க்க வேண்டும், பைக்கில் போனால் ஒன்றும் தெரியாது. ஒரு கொத்தனாரிடம் 10 அடி அலுமினிய மட்டப்பலகை வாங்கிக்கொண்டோம். அதைச் சாலையின் குறுக்கே வைத்து, சக்கரம் ஓடும் தடத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இரும்பு ஸ்கேலை நுழைத்துப் பார்ப்பது. 50 மீட்டருக்கு ஓரிடம். ஒவ்வோர் இடத்திலும் சாலையோரக் கல்லிலோ கம்பத்திலோ பெயிண்டில் எண் போட்டு, அந்த எண்ணும் பலகையும் ஸ்கேலும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ. பள்ளம் 20 மில்லிமீட்டரைத் தொட்டால் அந்த இடம் தன் ஆயுளை முடித்துக்கொண்டதாகத்தான் வடிவமைப்பு நெறிமுறையே எடுத்துக்கொள்கிறது.

இதில் எனக்கு மிகவும் உதவியது கடைசித் துண்டு. அது 5.5 மீட்டர் அகலம். ஏற்கெனவே ஓடும் குவாரியின் லாரிகள் சரக்கோடு நான்கு வழிச்சாலையை நோக்கிப் போகும், காலியாகத் திரும்பும். போகும் பக்கம் இடதுபுறத் தடம் அமுங்கி, தார் முதலைத் தோல் மாதிரி வெடித்திருந்தது. திரும்பும் பக்கம் அதே வயசுத் தார், அதே ஒப்பந்தக்காரர் போட்டது, ஸ்கேல் நுழையவே இல்லை. மழையும் வெயிலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். “ரோடு பழசு, அதான் போச்சு” என்ற பதிலை இது வாயிலேயே அடைத்துவிட்டது. உங்கள் ஊர்ப் பாதையில் இருவழித் துண்டு ஏதாவது இருந்தால் அங்கே முதலில் போய் அளந்துவிடுங்கள்.

ஒற்றை வழித் துண்டில் சேதம் வேறு மாதிரி. 3.75 மீட்டர் தாரில் 2.5 மீட்டர் அகல லாரி. எதிரே மினி பஸ் வந்தால் இரண்டும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியே ஆக வேண்டும். அதனால் தாரின் விளிம்பு பிஸ்கட்டை உடைத்தது போலாகும் என்று சொல்ல வந்தேன், வேண்டாம். விளிம்பில் எத்தனை மீட்டர் நீளத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் போயிருக்கிறது என்று எழுதினால் போதும். விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள இறக்கத்தையும் அளந்து வையுங்கள். இரவில் பைக்கில் ஒதுங்குகிறவன் விழுவது அந்த இறக்கத்தில்தான்.

எம்-சாண்ட், அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணல், ஏற்றும் லாரி ஒரு தனிக்கதை. எம்-சாண்டைக் கழுவித்தான் ஏற்றுகிறார்கள், ஈரத்தோடு வரும் லாரியின் பின்கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். ஓடும்போது பரவலாகச் சொட்டும், வேகத்தடையிலும் எடை மேடைக்கு முன் வரிசையில் நிற்கும் இடத்திலும் ஒரே இடத்தில் வடியும். அந்த இடங்களில் மட்டும் தார் ஜல்லியை விட்டுவிட்டு, கையால் கிள்ளினாலே வந்தது. நடுக்கோடையில், சொட்டு மழை இல்லாத மாதத்தில், தண்ணீரால் கெட்ட தார். இந்தப் படத்தை எடுத்து வைத்தது பின்னால் நல்ல பலன் தந்தது.

வண்டி எண்ணிக்கைக்கு அறிக்கையில் ஒரு நாள் கணக்கு இருந்தது. அது என்ன கிழமை என்று பார்த்தால் ஞாயிறு. நாங்கள் பாதை பிரியும் இடத்தில் இருக்கும் டீக்கடையை நிலையமாக வைத்துக்கொண்டோம். கடை அக்கா அதிகாலை நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்.

“பகல்ல எண்ணி என்ன செய்யப் போறீக? ராத்திரி பத்துக்கு மேல வாங்க, எனக்கு எண்ணித் தூக்கமே போச்சு” என்றார்.

அவர் சொன்னது சரி. சரக்கில் கணிசமான பங்கு இரவில்தான் போனது. காலையும் மாலையும் மட்டும் எண்ணிய கணக்கு அதைத் தொடவே இல்லை. எண்ணும்போது சரக்கு, காலி என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள், தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்று மூன்றாவது பத்தி. ஒவ்வொரு நடைக்கும் கனிமவளத் துறை அனுமதியாகத் தரும் நடைச்சீட்டு எத்தனை கொடுத்திருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி இந்த எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் அது சாலையைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. மேலூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2012இல் கிரானைட் விவகாரம் வெடித்ததும், 2014இல் உயர் நீதிமன்றம் அதை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்ததும், அடுத்த ஆண்டு அவர் அறிக்கை கொடுத்ததும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது.

பாலங்களில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால்களின் மேல் இருக்கும் சிறு பாலங்கள் பலவும் மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் கட்டியவை. மேலே தார் புதிதாகப் பளபளக்கும், கீழே குனிந்து பார்த்தால்தான் நிலைமை தெரியும். எங்கள் பாதையில் ஒரு கல்பலகைப் பாலம். வாய்க்கால் வறண்டிருந்த மாதத்தில் உள்ளே தவழ்ந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஆறு பலகைக் கல்லில் இரண்டில் அடிப்பக்கம் குறுக்கே விரிசல், லாரித் தடத்துக்கு நேர் கீழே. விரிசலின் இரு முனையிலும் பெயிண்டில் கோடு போட்டு, தேதி எழுதி, விரிசல்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பட்டை பூசிவிட்டு வந்தோம். பட்டை உடைந்தால் விரிசல் இன்னும் வாய் திறக்கிறது என்று அர்த்தம். மேலே நின்று பார்த்த ஒன்றியப் பொறியாளர் அதுவரை பேசாமல் இருந்தவர், அந்தப் போட்டோவைப் பார்த்ததும், “சார், முதல்ல இதுக்கு எடை போர்டு வைக்கணும்” என்றார்.

மின்கம்பிகளுக்கு லைன்மேன் அண்ணன் ஒருவர் கூட வந்தார். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை வைத்தே பட்டியல் போட வேண்டும், ‘கோயில் பக்கத்துப் போஸ்ட்’ என்று எழுதினால் நாளைக்கு யாருக்கும் புரியாது. சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டரும், 11,000 வோல்ட் கம்பி 6.1 மீட்டரும் குறையாமல் இருக்க வேண்டும். கட்டும்போது அப்படித்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் குவாரிப் பாதையில் தரை மேலே ஏறிக்கொண்டே வரும். சேறாகும் இடத்தில் குவாரிக்காரரே நல்லெண்ணத்தோடு கழிவுக் கல்லையும் கிரஷர் தூளையும் கொட்டி மேடாக்குவார், அதன்மேல் ஒன்றியம் ஜல்லி போட்டுத் தார் போடும். கம்பி அதே இடத்தில் இருக்கும், இடைவெளி ஒன்றரை இரண்டு அடி குறைந்திருக்கும். டிப்பர் தொட்டியைத் தூக்கினால் 6 மீட்டரைத் தாண்டிவிடும். சரக்கைத் தட்டிவிட்டுத் தொட்டி முழுசாக இறங்கும் முன்பே வண்டியை நகர்த்தும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்.

உயரத்தை அளக்கிறேன் என்று மூங்கில் கழியையோ டேப்பையோ யாரும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சர்வேக்காரரிடம் தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் கம்பிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து சாலையோடு 10 மீட்டர் தள்ளி நின்று, செல்போனில் கோணம் காட்டும் செயலியால் கம்பியைப் பாருங்கள். 24 டிகிரி காட்டினால் கண் உயரம் 1.5 மீட்டரையும் சேர்த்து ஏறத்தாழ 5.95 மீட்டர். தோராயம்தான், ஆனால் மின்வாரியத்தை அளக்க வரச் சொல்லி எழுத இது போதும். காலையில் அளக்க வேண்டாம். சூட்டில் கம்பி நீண்டு தொய்யும், சித்திரை வெயிலில் மதியம் 2 மணிக்கு அளந்ததுதான் கணக்கு.

கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளையும் பாருங்கள். திருப்பத்தில் லாரியின் பின்சக்கரம் உள்வாங்கி ஏறும் இடத்தில் ஸ்டே கம்பி இருந்தால் அது என்றைக்காவது அடிபடும், அடிபட்டால் கம்பம் சாயும். அப்புறம் தூசி. கிரஷருக்கு அருகே உள்ள கம்பங்களில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. வெயில் காலத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. மார்கழிப் பனி இறங்கி அந்தத் தூசி நனைந்ததும் பீங்கான்மேலேயே மின்சாரம் ஓட ஆரம்பிக்கும், ஃபீடர் டிரிப் ஆகும், அதாவது ஊருக்கு வரும் மின்தடம் தானாக நின்றுவிடும். “ஏண்ணே, மார்கழியில விடியக்காலம் மட்டும் கரண்ட் போகுது?” என்று ஊர்ப் பெண்கள் கேட்டதற்கு லைன்மேன் அண்ணன் கையைத் தூக்கி அந்தப் பீங்கானைத்தான் காட்டினார். துணைமின் நிலையத்தில் டிரிப் ஆன நேரத்தை எழுதி வைப்பார்கள். மாத வாரியாக அதை வாங்கிப் பார்த்தால் தூசியின் கதை தானாக வெளியே வரும்.

குடிநீர்க் குழாய்தான் இருப்பதிலேயே சிரமம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது, வரைபடமும் கிடையாது. தண்ணீர் திறந்துவிடும் அண்ணனின் தலைக்குள்தான் வரைபடம் இருக்கிறது. அவரை முன்னால் நடக்கவிட்டு, அவர் காட்டிய இடமெல்லாம் சுண்ணாம்புத்தூள் தூவிக்கொண்டே போனோம். நான்கைந்து இடத்தில் தோண்டிப் பார்த்ததில், பழைய குழாய் மூன்றடி ஆழத்திலும், வீட்டு இணைப்புக்காகப் பின்னால் போட்ட குழாய் ஒன்றரை அடியிலும் இருந்தது. ஒன்றரை அடி ஆழக் குழாய், லாரி ஒதுங்கும் அதே மண் ஓரத்தில். கண்ணாடி இழைக் கேபிள் அதற்கும் மேலே.

கசிவை ஊர்க்காரர்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரவு எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, பாதையோரக் குழாய்க்குப் போகும் வால்வை மட்டும் திறந்து வைத்து, மற்ற கிளைகளை அடைத்துவிட்டு, அந்தக் கிளையில் இருக்கும் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடிகாலை மறுபடி பார்க்க வேண்டும். உள்விட்டம் 4 மீட்டர் உள்ள வட்டத் தொட்டியில் மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால் 1,250 லிட்டருக்கு மேல் மண்ணுக்குள் போயிருக்கிறது. குவாரி தொடங்கும் முன் ஒரு முறை, தொடங்கிய பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. முதல் கணக்கு இல்லாவிட்டால் இரண்டாவது கணக்குக்கு மதிப்பே இல்லை. “எப்பவும் ஒழுகுற குழாய்தானே” என்று சொல்லிவிடுவார்கள்.

வெடி அதிர்வுக்கும் சில வரி எழுதியாக வேண்டும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைதான் அளவுகோல். குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீடு, கட்டடங்களுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. பழமையான சின்னங்களுக்கு 2, 5, 10. கீழவளவு, அரிட்டாபட்டி மாதிரி சமணப் படுக்கையும் குடைவரையும் உள்ள வட்டாரத்தில் இந்தக் கடைசி வரியை மறக்கக் கூடாது. கருவி வைக்க வருகிறவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். உணர்கருவியை மண்ணில் அழுத்திப் பதித்தார்களா, சும்மா திண்ணையில் வைத்தார்களா? அன்றைக்கு வழக்கமான வெடிதானா, கருவி வந்திருக்கிறது என்று குறைத்துப் போட்டதா? குழிகளை நொடியின் சிறு பிரிவு இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கும்போது, ஒரே நொடிப்பிரிவில் எத்தனை கிலோ மருந்து வெடித்தது? மூன்றாவதுக்குப் பதில் இல்லாத அதிர்வு அறிக்கை வெறும் காகிதம். தூரம் பாதியானால் அந்த மருந்து நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டும், அப்போதுதான் அதிர்வு ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். எங்கள் ஊரில் வீடுகளைவிடக் குழிக்குக் கிட்டே இருந்தது மேல்நிலைத் தொட்டி. கருவியை வைத்தது மட்டும் தூரத்தில் இருந்த பள்ளிக்கூடத்தில். தொட்டியின் தூண் அடியில் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு அங்கேயும் வைத்தார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நிறையப் பேர் பேசினார்கள். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு நடந்தே போன கூட்டத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அந்தச் சுரங்க ஏலத்தை ஜனவரி 23 அன்று மத்திய அரசு ரத்து செய்தது, ஊர்கள் ஒன்றாக நின்றதால் நடந்தது அது. சின்னக் குவாரிக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள். இங்கே கையில் என்ன வைத்திருக்கிறோம் என்பதுதான் பேசும். ‘ரோடு போச்சு’ என்று பத்துப் பேர் சொன்னதைப் பொதுவான ஆட்சேபம் என்று ஒரே வரியில் பதிந்தார்கள். 50 மீட்டருக்கு ஓரிடமாக எடுத்த பள்ள அளவு, கம்பி உயரப் பட்டியல், பாலத்து விரிசல் போட்டோ, தொட்டி மட்டக் கணக்கு ஆகியவற்றைத் தலைவர் கையெழுத்தோடு கொடுத்தபோது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டியதாயிற்று.

அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும், ஊராட்சி முத்திரையும், குவாரித் தரப்பு ஆள் ஒருவரின் கையெழுத்தும் வாங்கினோம். அளக்கும்போதே அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டதால் வாங்க முடிந்தது. கூப்பிட்டால் சண்டை வரும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். வரவில்லை. அவர்கள் ஆளே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். நகல்களை ஒன்றியம், நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், கனிமவளத் துறை என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் கொடுத்து வரவு முத்திரை வாங்கி வைத்தோம். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி என்று ஒன்று 2015 சட்டத் திருத்தத்தில் வந்தது. பாதிக்கப்பட்ட பகுதிக்குக் குடிநீர், சாலை எல்லாம் அதில் கேட்கலாம். பாலத்துக்கான மனுவை அந்தப் படங்களோடு அதற்கும் சேர்த்துப் போட்டோம்.

கேட்டதில் கிடைத்தது இவ்வளவு: ஒன்றரை அடிக் குழாயைக் குவாரிச் செலவில் சாலையின் மறு ஓரத்தில் மூன்றடி ஆழத்துக்கு மாற்றிப் போட்டார்கள். தாழ்ந்திருந்த இரண்டு குறுக்குக் கம்பிகளுக்கு நடுவில் உயரமான கம்பம் நட்டார்கள். எம்-சாண்ட் லாரி தண்ணீர் வடியும் வரை கிரஷருக்குள்ளேயே நிற்க வேண்டும், தார்ப்பாய் இல்லாமல் வெளியே வரக் கூடாது என்பது நிபந்தனையில் ஏறியது. எடை மேடைச் சீட்டு நகலை மாதாமாதம் ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டோம், அதை ஏற்கவில்லை. இரவு ஓட்டத்தை நிறுத்தவும் ஒப்புக்கொள்ளவில்லை, பள்ளி நேரத்தில் மட்டும் நிறுத்துகிறோம் என்றார்கள். கல்பலகைப் பாலத்தில் எடை போர்டு நிற்கிறது. புதுப் பாலத்துக்கு மதிப்பீடு போயிருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன் மட்டப்பலகையோடு அடுத்த சுற்று அளவெடுப்பு இருக்கிறது.